சொல்லும் பொருளும்: கடன் பத்திரத்து ஆங்கிலம்



எமது மத்ரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவரின் உம்மம்மா, ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது. "மௌலவி, நான் ஆரிட்டயும் கடன் வாங்கல்ல. பேங்குல இருந்து மெசேஜ் வந்திருக்கு. பேரன் வாசிச்சான். கிரெடிட் எண்டு போட்டிருக்காம், நாற்பதாயிரமாம். இதென்ன சோதனை எண்டு பாருங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கட்டாரிலிருக்கும் அவரது மகன் அனுப்பிய பணம் கணக்கில் சேர்ந்துவிட்டது என்ற செய்திதான் அது. சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பயந்ததில் பிழை காண முடியாது. அவர் சாமான் வாங்கும் கடையில் கிரெடிட் என்றால் கடன். கொப்பியில் எழுதிவிட்டு மாத முடிவில் கொடுப்பது. பேங்க் மெசேஜிலோ அதே சொல் வரவைக் குறிக்கிறது. ஒரு சொல் எப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது? நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது கிரெடிட். கடைக்காரர் உங்களை நம்பி அரிசியைத் தருகிறார். நீங்கள் பேங்கை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு பேங்க் உங்களிடம் கடன்பட்டிருக்கிறது. ஆகவே உம்மம்மாவின் மெசேஜிலும் ஒரு கடன் இருக்கத்தான் செய்தது. கடன்காரர் அவரல்லர், பேங்க். டெபிட் என்று வந்தால் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அரபியில் கிரெடிட் கார்டை 'பிதாகத்துல் இஃதிமான்' என்பார்கள். இஃதிமான், அமானத், அமீன் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். நம்பிக்கை என்ற கருத்து அங்கேயும் இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பக்கத்தில் அரபுச் சொற்களுக்குத்தான் வழக்கமாக விளக்கம் எழுதுகிறேன். இம்மாதம் ஆங்கிலத்துக்குள் கால் வைக்கிறேன். எனது ஆங்கிலம் அகராதியைப் புரட்டியும், ஓ லெவல் படிக்கும் மகளிடம் கேட்டும் பெற்றுக்கொண்டது. எனினும் பணத்தைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள் நம் குசினிவரை வந்துவிட்டன. லோன், லீசிங், இன்ட்ரஸ்ட், பெலன்ஸ், செக் என்று நாளாந்தம் பேசுகிறோம். நாம் பேசும்போது அவற்றுக்கு ஒரு பொருள். பத்திரத்தில் அச்சாகி வரும்போது வேறு பொருள். இரண்டுக்கும் நடுவில் பல வீடுகளின் நகைகள் போய்விட்டன.

முதலில் மனதுக்கு இதமான ஒரு செய்தி. பணச் சொற்களை எப்போதும் நாம்தான் இரவல் வாங்கினோம் என்று நினைக்க வேண்டாம். ஆங்கில அகராதியில் கேஷ் என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று கையிலுள்ள ரொக்கம். அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. மற்றது இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சின்ன நாணயத்தின் பெயர். அது போர்த்துக்கேயரின் வாயில் நுழைந்து வெளியே வந்த நமது தமிழ்க் காசு. துறைமுகத்தில் கேட்கும் டெரிஃப் என்ற சொல் அரபியின் 'தஃரீஃப்', அதாவது அறிவித்தல். நகைக்கடையில் கேட்கும் கரட், அரபியின் 'கீராத்' வழியாகப் போனது. செக் என்பது அரபியின் 'சக்கு', அதாவது எழுத்துப் பத்திரம் என்பதிலிருந்து வந்ததென்று எமது உஸ்தாத்மார் சொல்லித் தந்தார்கள். ஆங்கில அகராதிக்காரர்கள் அதைச் சதுரங்கத்தில் அரசனுக்குச் சொல்லும் 'செக்' என்ற சொல்லோடு சேர்த்து, பாரசீக 'ஷாஹ்' வரை கொண்டுபோகிறார்கள். எது சரியென்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் உங்களிடம் செக் புத்தகம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பெயர் எழுதும் வரியின் முடிவில் 'பெயரர்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். கொண்டு வருபவர் என்பது பொருள். அதை வெட்டாமலும், மேலே இரண்டு கோடு போடாமலும் கொடுத்தால், வழியில் விழுந்த செக்கை எடுத்தவரும் மாற்றிக்கொள்ள இடமுண்டு.

இனி, இன்ட்ரஸ்ட். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதற்கு ஆர்வம் என்று படிக்கிறார்கள். பேங்கில் வட்டி. வட்டிக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் யூஷரி. பணத்தைப் பாவித்ததற்கு வாங்கும் எந்தக் கூலியும் ஒரு காலத்தில் யூஷரிதான். அதைக் கிறிஸ்தவத் திருச்சபையும் தடைசெய்திருந்தது. ஆனால் கடன்பட்டவர் தவணை தப்பினால் அதனால் கொடுத்தவருக்கு ஏற்பட்ட நட்டத்தை ஈடுசெய்வது ஆகும் என்றார்கள். அந்த நட்டஈட்டுக்குப் பெயர்தான் லத்தீனில் 'இன்ட்ரெஸ்ஸே'. இடையில் இருப்பது, வித்தியாசம் என்பது அதன் கருத்து. பிறகு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். வாங்குவதையெல்லாம் இன்ட்ரஸ்ட் என்ற பெயரில் வாங்கினார்கள். 1545 இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் இங்கிலாந்தில் நூற்றுக்கு 10 வரை சட்டமே இடம் கொடுத்தது. இன்றைக்கு யூஷரி என்றால் அநியாய வட்டி மட்டும் என்று பொருள் சுருங்கிவிட்டது. மற்றதெல்லாம் நல்ல பெயரோடு நடமாடுகிறது. இப்போது சேர்விஸ் சார்ஜ், டொகியுமன்ட் சார்ஜ் என்று இன்னும் மெல்லிய பெயர்களும் உண்டு. அவற்றுள் உண்மையான செலவும் இருக்கலாம், வட்டியும் ஒளிந்திருக்கலாம். என்ன செலவுக்கு எவ்வளவு என்று கேட்டால் வெளியே வரும்.

வட்டி ஹராம் என்று எனக்குத் தெரியும், பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்று ஒரு சகோதரி கேட்கலாம். தெரியாமல் அதில் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். வீட்டு வாசலுக்கு வந்து, பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஃபிளட் ரேட் 20 வீதம் என்று சொல்லி லோன் கொடுக்கிறார்கள். ஃபிளட் என்றால் தட்டை. கேட்கச் சின்னதாகவும் ஒழுங்காகவும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபா எடுக்கிறீர்கள். வருடத்துக்கு 20,000 வட்டி. மொத்தம் 1,20,000, மாதம் 10,000 வீதம் 12 மாதம். ஒவ்வொரு தவணையிலும் முதல் 8,333 ரூபா, வட்டி 1,667 ரூபா. ஆறு மாதத்தில் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் வட்டி ஒரு இலட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி மாதம் உங்கள் கையில் அவர்களது பணம் 8,333 தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கு 1,667 கொடுக்கிறீர்கள். அதாவது ஒரே மாதத்துக்கு நூற்றுக்கு 20. கட்டக் கட்டக் குறையும் மீதிக்குத்தான் வட்டி என்று கணக்குப் போட்டால், இது வருடத்துக்கு ஏறக்குறைய 35 வீதத்துக்கு வந்து நிற்கிறது. 20 என்று சொன்னதும் பொய்யில்லை, 35 என்பதும் பொய்யில்லை. தட்டை என்ற ஒரு சொல்லுக்குள் மற்ற 15 இருந்தது. இப்படிப்பட்ட கடன்களில் அகப்பட்ட பெண்களின் நிலை எவ்வளவு மோசமானதென்றால், 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

நான் சிரிக்காத காரணத்துக்கு வருகிறேன்.

2019 இல், என்னோடு அரபுக் கல்லூரியில் ஓதிய நண்பர் ஒருவர் ஓட்டோ ஒன்று எடுக்க விரும்பினார். மக்தப் சம்பளம் போதவில்லை, பின்னேரங்களில் ஓடலாம் என்பது அவரது எண்ணம். லீசிங் கம்பனிக்கு என்னையும் அழைத்துப் போனார். மேசையில் ஆங்கிலப் பத்திரம், எட்டுப் பத்துத் தாள். கையெழுத்து வைக்கும் இடமெல்லாம் பென்சிலால் பெருக்கல் அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துத்தான் மௌலவி" என்றார் அங்கிருந்த இளைஞர். அந்தப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரிந்திருந்ததோ என்னவோ. ஏழு இடத்தில் வைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரே சொல் அச்சிட்டிருந்தது. கெரண்டர்.

அன்றிரவு தேத்தண்ணி தரும்போது மனைவி கேட்டாள்: "என்ன பேப்பர்ல சைன் வெச்சீங்க?"

"சாட்சிக்கு."

"வாசிச்சீங்களா?"

"இங்கிலீஷ்ல இருந்திச்சு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, கெரண்டர் என்பவர் சாட்சியல்லர். சாட்சி, நடந்ததைக் கண்டேன் என்று சொல்பவர். கெரண்டர், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்றவர். ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் இதற்கு 'ளமான்' என்று தனிப் பாடமே இருக்கிறது. கடன் கொடுத்தவர் கடன்பட்டவரிடமும் கேட்கலாம், பொறுப்பேற்றவரிடமும் கேட்கலாம் என்று பல வருடம் மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை நான்தான் நடத்தினேன். ளமான் என்று எழுதியிருந்தால் பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருப்பேன். கெரண்டர் என்று எழுதியிருந்தது, வைத்துவிட்டேன்.

லீஸ் என்ற சொல்லையும் சேர்த்து விளங்கிக்கொள்ளுங்கள். லீசிங்கில் ஓட்டோ வாங்கினேன் என்கிறோம். வாங்கவில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு ஓனர் இருப்பார்கள். ஓட்டுபவரின் பெயர் பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் இருக்கும். 'எப்சலூட் ஓனர்' என்ற இடத்தில், அதாவது முழு உரித்தாளர் என்ற இடத்தில், கம்பனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டி அந்தப் பெயரை நீக்கும்வரை வண்டி அவர்களுடையதுதான்.

2020 இல் கொரோனா வந்து ஊர் அடைபட்டது. லீசிங் தவணைகளுக்கு ஆறு மாதம் மொரட்டோரியம் என்று அறிவித்தார்கள். நண்பர் சந்தோஷத்தோடு வந்து, "ஆறு மாசக் காச விட்டுட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். மொரட்டோரியம், தாமதித்தல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மன்னிப்பு என்ற கருத்து அதில் கிடையாது. தவணை தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை. அது உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் இதை மன்னிப்பு என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அல்குர்ஆனில் சூரத்துல் பகராவின் 280ஆம் வசனம், கஷ்டப்பட்ட கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுப்பதை ஒன்றாகவும், கடனையே தர்மமாக விட்டுவிடுவதை வேறொன்றாகவும் பிரித்துப் பேசுகிறது. அந்த அவகாசத்தில் கடன் ஒரு சதமும் வளர்வதில்லை. மொரட்டோரியத்துக்கு நமது சொல் வேண்டுமென்றால் வட்டியோடு கூடிய தவணை நீட்டிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு 2022. பெற்றோல் வரிசைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓட்டோவுக்குள்ளேயே படுத்துக்கிடந்து நண்பர் வரிசையில் நின்றார். கிடைத்த எண்ணெயில் ஓடிய காசு வீட்டுச் சோற்றுக்கே போதவில்லை. தவணைகள் தப்பின. பத்திரத்தில் இதற்குச் சொல் டிஃபோல்ட். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வேறு பொருளில் தெரியும். இங்கே கட்டத் தவறுதல் என்று அர்த்தம். அதற்கு மேலதிக வட்டி தனி. ஒருநாள் காலையில் வந்து வண்டியைத் தூக்கிப் போனார்கள். ஏலத்தில் விற்றார்கள். வருட முடிவில் எனக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பெலன்ஸ் 2,80,000 ரூபா.

"வண்டியத்தான் எடுத்திட்டாங்களே. இன்னும் என்ன பெலன்ஸ்?" என்று மனைவி கேட்டாள்.

நியாயமான கேள்வி. பேங்க் புத்தகத்தில் பெலன்ஸ் என்றால் நமக்கு மீதமிருப்பது. கடன் கடிதத்தில் பெலன்ஸ் என்றால் நாம் இன்னும் கொடுக்க வேண்டியது. வண்டி ஏலத்தில் போன விலை கடனின் ஒரு பகுதியைத்தான் தீர்த்தது. மற்றது நின்றது.

கெரண்டர் இருவர். மற்றவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். அப்படியானால் எனது பங்கு பாதிதானே, 1,40,000 தானே என்று கணக்குப் போட்டேன். பத்திரத்தின் பிரதியைத் தேடி எடுத்து மகளிடம் கொடுத்தேன். அவள் விரலை வைத்து வாசித்தாள். 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி' என்று ஒரு இடம் வந்தது. "செவரல் எண்டா பல எண்டுதான் வாப்பா எங்களுக்குப் படிப்பிச்சாங்க. செவரலி எண்டா பல தடவையா?" என்றாள். அகராதியைப் பார்த்தோம். தனித்தனியாக என்றிருந்தது. எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தும் முழுவதற்கும் பொறுப்பு. கம்பனிக்கு இரண்டு பேரையும் தேடும் கடமை இல்லை. கைக்கெட்டியவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். கைக்கெட்டியவர் நான்.

பின்னர் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் சொன்னது இன்னும் கசப்பானது. இந்நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில் பிணை நின்றவருக்குச் சில பாதுகாப்புகள் உண்டாம். முதலில் கடன்பட்டவரிடம் போ என்று சொல்லலாம், பிணையாளிகள் பலர் இருந்தால் பிரித்துக் கேள் என்று சொல்லலாம். ஆனால் அச்சடித்த பத்திரத்தில் அந்த உரிமைகளை நான் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. அதன் கீழேயும் பென்சில் அடையாளம், அதன் மேல் எனது கையெழுத்து. எழுதுவது அழகாக இருக்கும் என்று மாணவர்கள் புகழும் அதே கையெழுத்து.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று வினாவிடைப் போட்டிகளில் பிள்ளைகளிடம் கேட்போம். கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது, சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் என்று பட்டென்று பதில் வரும். அந்த வசனத்தில் பத்திரத்தின் வாசகத்தை யார் சொல்ல வேண்டும் என்று கட்டளை வருகிறது என்பதை நாம் கேட்பதில்லை. கடன்பட்டவர்தான் சொல்ல வேண்டும், எழுதுபவர் அதை நீதியாக எழுத வேண்டும் என்று வருகிறது. கடன்பட்டவர் விளக்கம் குறைந்தவராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவரது பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகளைப் பற்றி அதன் பிறகுதான், வேறாக வருகிறது. கட்டுப்படப் போகிறவரின் வாயிலிருந்து வாசகம் வந்தால் அவருக்கு விளங்காத சொல் அதில் இருக்க முடியாது. இன்று கடன் கொடுப்பவர் அச்சடித்து வைத்திருக்கிறார். கட்டுப்படுபவர் பெருக்கல் அடையாளத்தைத் தேடுகிறார். இந்த வசனத்தை எத்தனை மேடையில் ஓதியிருப்பேன். அந்தக் கடிதம் வந்த கிழமை ஓதியபோது குரல் அடைத்தது.

ஆகவே உங்களிடம் யாராவது தாளை நீட்டினால், தமிழில் தரும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பிரதி கேளுங்கள். ஒரு நாள் பொறுக்காத கடனில் ஏதோ இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கணவர் "சும்மா ஒரு சைன்" என்று கேட்டாலும் கையெழுத்தின் கீழே என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். விற்னஸ் என்றிருந்தால் சாட்சி. கெரண்டர், ஷுவரிட்டி, கோ பொரோவர் என்று எது இருந்தாலும் கடன் உங்கள் தலையிலும் இருக்கிறது. குழு லோனில் பக்கத்து வீட்டு ராத்தாவுக்காக நீங்கள் வைப்பதும் அதே கையெழுத்துத்தான்.

இனி அந்த 2,80,000. பேங்கில் நகையை அடகு வைத்தால் அதற்கும் வட்டி. வட்டியிலிருந்து வெளியே வர இன்னொரு வட்டிக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. மனைவி உள்ளே போய் இரண்டு காப்புகளைக் கொண்டு வந்து வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு பவுன், 22 கரட். அவை நிகாஹின்போது நான் மஹராகக் கொடுத்தவை.

இங்கே இன்னொரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலப் புத்தகங்கள் சிலவற்றில் மஹரை டவரி என்று எழுதியிருப்பார்கள். நம் நாட்டில் டவரி என்றால் சீதனம், பெண் வீட்டார் கொடுப்பது. நேர் எதிரான இரண்டுக்கு ஒரே சொல். மஹருக்கு ஆங்கிலத்தில் ஓரளவு பொருந்துவது டவர், கணவன் பக்கமிருந்து மனைவிக்கு வருவது. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கைக்கூலியிலும் இப்படியொரு மயக்கம் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கொடுத்த காசு, அது அவருடையது என்றுதான் பெரும்பாலான தாய்மார்கள் நினைக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மணமகளின் பாவனைக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்டதாகவே விளக்குகிறது. பிரிவு ஏற்பட்டால் காழியிடம் அதைக் கேட்டுப் பெற அவளுக்கு வழியுண்டு. ஆனால் கொடுத்தது பதிவில் இருக்க வேண்டும். நிகாஹ் பதியும்போது "அதெல்லாம் எழுத வேணாம், நமக்குள்ளதானே" என்று ஒரு பெரியவர் சொல்வார். அந்த இடத்தில் பெண்ணின் வாப்பா வாய் திறக்க வேண்டும்.

காப்புகளை விற்றோம். கம்பனிக்குப் போய்க் கட்டினேன். ரிசீட்டைத் தந்தார்கள். இந்த முறை எழும்பி வரவில்லை. 'ஃபுல் அன்ட் ஃபைனல் செட்டில்மன்ட்' என்று எழுதிய கடிதம் வேண்டுமென்று கதிரையில் இருந்தேன். முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது என்பது அதன் கருத்து. ரிசீட் இவ்வளவு கட்டினீர்கள் என்று மட்டும்தான் சொல்லும். கடன் முடிந்ததென்று அது சொல்லாது. நாளை வா என்றார்கள். போனேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் கடிதம் கிடைத்தது.

நண்பர் மாதா மாதம் முடிந்ததைத் தருகிறார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

விற்ற அன்றிரவு மனைவி ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் கொண்டு வந்து வைத்தாள். "எழுதுங்க" என்றாள்.

"என்னத்த?"

"காப்பு ஏன்ட மஹர். நீங்க கடனாத்தானே எடுத்தீங்க? நீங்களே சொல்லி நீங்களே எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க."

எழுதினேன். இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா என்று தொடங்கியதும் தடுத்தாள். "நான் தந்தது ரூபா இல்ல. பவுன் கணக்குல போடுங்க" என்றாள். வெட்டிவிட்டு, 22 கரட் தங்கம் இரண்டு பவுன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மகள் சாட்சி.

அதன் பிறகு பவுன் விலை எங்கே ஏறிப் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பவுனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாளில் அதை அடித்து, திகதி போட்டு அவளே எழுதி வைத்திருக்கிறாள். மற்றது பாக்கி இருக்கிறது.